படம் ஓடுகிறது, குரல் எங்கே?

பழைய சூப்பர் 8 புரொஜெக்டரின் ஒலிக்கோளாறைப் படிப்படியாகத் தேடுவோம்

வீட்டில் எடுக்கப்பட்ட பழைய படச்சுருள்களில் ஒருவரை மட்டும் பெரும்பாலும் பார்க்க முடியாது. கேமராவைப் பிடித்திருந்தவர்தான் அவர். எல்லாருடைய முகத்தையும் பதிவுசெய்தவரின் முகம் படத்தில் இருக்காது.

ஆனால், அவருடைய குரல் இருக்கலாம். ஒலியையும் சேர்த்துப் பதிவுசெய்யும் சூப்பர் 8 படச்சுருளை கோடக் நிறுவனம் 1973ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் வீட்டுப் படம் என்றால் பெரும்பாலும் ஊமைப் படம்தான். ஒலிச்சுருள் வந்த பிறகு, மைக்குக்கு மிக அருகில் நின்றவர் படமெடுத்தவர் என்பதால் மற்றவர்களைவிட அவர் குரலே உரக்கக் கேட்கும். 1997ல் அந்தச் சுருளின் தயாரிப்பு நின்றது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் பல குடும்பங்களின் குரல்கள் ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத பழுப்புக் கோட்டில் பதிவாகின.

என் பாட்டியின் அண்ணன் 1977ல் தோ பாயோவில் வீவக வீட்டுக்குக் குடிபுகுந்த நாளை அப்படிப் படமெடுத்தார். அவர் குரல் வேறெந்தப் பதிவிலும் இல்லை. சுருளும் அவர் வாங்கிய புரொஜெக்டரும் பாட்டி வீட்டுச் சாமான் அறையில் இருந்தன. விளக்கு எரிந்தது, மோட்டார் சுற்றியது. ஒலி மட்டும் வரவில்லை. கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் அதைச் சரிசெய்யும் வேலையில் இறங்கினேன். பக்கத்துப் புளோக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக் மாமா ஒருவர் வழிகாட்டினார். அவர் சொன்ன முதல் பாடம் இதுதான்: “முதல்ல காதால கேளும்மா. திறக்குறதெல்லாம் அப்புறம்.”

ஒலிக்கோளாறு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. அதைக் கேட்டு, கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று வட்டமிட்ட பிறகே திருப்புளியை எடுக்கவேண்டும். ஏனென்றால் இங்கே ஆபத்தில் இருப்பது இயந்திரம் அன்று, ஒரே பிரதியாக இருக்கும் சுருள்.

ஒலி எப்படிப் படிக்கப்படுகிறது?

சூப்பர் 8 சுருளின் ஓர் ஓரத்தில் துளைகள் இருக்கும். எதிர் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் பழுப்பு நிறக் காந்தப் பட்டையில்தான் ஒலி உள்ளது. கேசட் நாடாவில் இருக்கும் அதே வகைப் பூச்சுதான் இது. துளைகளின் பக்கத்தில் இன்னொரு மெல்லிய பட்டையும் இருக்கும். சுருளைச் சுற்றும்போது இரு ஓரங்களும் ஒரே தடிமனில் இருக்கவேண்டும் என்பதற்காக அது ஒட்டப்பட்டது.

புரொஜெக்டரில் படம் விழும் இடத்தைக் கடக்கும்போது சுருள் சீராக ஓடுவதில்லை. ஒரு நகம் போன்ற கொக்கி அதை ஒவ்வொரு பிரேமாகப் பிடித்து இழுத்து நிறுத்துகிறது. விநாடிக்கு 18 அல்லது 24 முறை இப்படி நின்று நின்று நகர்வதால்தான் படம் கலங்காமல் தெரிகிறது. ஒலிக்கு இது நேர்மாறு. காந்தப் பட்டை ஒலி ஹெட்டின் மீது துளி நடுக்கமும் இல்லாமல் வழுக்கிச் செல்லவேண்டும்.

ஒரே சுருள் ஓரிடத்தில் குதிக்கவும் இன்னோர் இடத்தில் வழுக்கவும் வேண்டும் என்பதால் இரண்டு இடங்களையும் பிரித்து வைத்தார்கள். சூப்பர் 8ல் ஒலி ஹெட், படம் விழும் இடத்திலிருந்து 18 பிரேம் தள்ளி இருக்கிறது. அதாவது ஏறக்குறைய 7.6 சென்டிமீட்டர். இடையில் விடப்படும் தளர்வான வளைவு குதிப்பை உள்வாங்கிக்கொள்கிறது. அதைத் தாண்டியதும் கனமான ஃபிளைவீல் ஒன்று சுருளின் ஓட்டத்தைச் சீராக்குகிறது.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒலி செல்லும் பாதை இதுதான்: பட்டை, ஹெட், பதிவு-ஒலிப்பு சுவிட்ச், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்பதே கேள்வி.

குடும்பச் சுருளைத் தொடாதீர்கள்

சோதனைக்கு வேறு சுருள் வேண்டும். இணையத்தில் பழைய கார்ட்டூன் ஒலிச்சுருள்கள் கிடைக்கின்றன. நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். அது கிழிந்தாலும் யாருக்கும் இழப்பில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பல ஒலி புரொஜெக்டர்களால் ஒலியைப் பதிவு செய்யவும் முடியும். தவறிப்போய் பதிவு நிலையில் ஓடினால் பழைய ஒலி அழிந்துவிடும். கேசட்டின் பின்புறத்தில் உடைத்துவிடும் பாதுகாப்புத் துண்டு போன்ற எதுவும் படச்சுருளில் கிடையாது. அடுத்து, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய ஹெட் தானே சிறிது காந்தமாகிவிடும். அப்படிப்பட்ட ஹெட்டின் மீது சுருள் ஓடும் ஒவ்வொரு முறையும் ஒலியின் மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் தேயும். தேய்ந்தது திரும்பி வராது.

அறவே சத்தம் இல்லையென்றால்

முதலில் செலவில்லாத சோதனைகள். ஒலி அளவைத் திருகியைக் கூட்டிப் பாருங்கள். பட்டையா, மைக்கா, வெளி உள்ளீடா என்று தேர்வு செய்யும் சுவிட்ச் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஹெட்போன் துளையில் எதையாவது செருகினால் உள் ஸ்பீக்கர் துண்டிக்கப்படும் வகையில்தான் பல இயந்திரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அந்தத் துளையின் உள்ளே இருக்கும் சிறு தகடு ஒட்டிக்கொண்டால், எதையும் செருகாமலே ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஒரு பிளக்கைச் சில முறை செருகி எடுத்தாலே சில இயந்திரங்களுக்கு உயிர் வந்துவிடும்.

அதன் பிறகு சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்க்கவேண்டும். வெளி உள்ளீட்டில் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டைச் செலுத்துங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் நலம். கோளாறு அதற்கு முன்னால் இருக்கும் ஹெட்டிலோ சுவிட்சிலோதான். கேட்காவிட்டால் அதற்குப் பின்னால் தேடலாம். ஒரே சோதனையில் பாதி இயந்திரம் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். நிரல் எழுதும் மாணவர்கள் பிழை தேடும் முறையும் இதுதான்.

பாட்டி வீட்டு இயந்திரத்தில் பாட்டு கேட்டது. ஆகவே ஹெட்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் இருக்கும் பதிவு-ஒலிப்பு சுவிட்ச் மீது சந்தேகம் விழுந்தது. ஏகப்பட்ட சிறு தொடுமுனைகள் கொண்ட நீள சுவிட்ச் அது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நாற்பது ஆண்டுகள் இருந்தால் அவற்றில் ஆக்சைடு படியாமல் இருக்குமா? சிம் லிம் டவரில் வாங்கிய தொடுமுனைத் துப்புரவுத் தெளிப்பானைச் சிறிதளவு அடித்து, மின்சாரம் இல்லாமல், சுருளும் இல்லாமல், சுவிட்சை முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் தள்ளினோம். கார்ட்டூன் சுருளில் முதல்முறையாக ஒலி கேட்டது.

ஒலி மங்கலாகக் கேட்டால்

போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் முதல் சந்தேகம் அழுக்கு மீதுதான். பட்டையிலிருந்து உதிரும் பொடி ஹெட்டின் முகத்தில் படிந்துவிடும். மயிரிழை அளவு இடைவெளிகூட மேல் அதிர்வெண்களை விழுங்கிவிடும். “ச”, “ஸ” போன்ற ஒலிகள் முதலில் காணாமல் போகும்.

பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலைத் தொட்டு மெதுவாகத் துடைத்தால் குச்சி பழுப்பாகும். பழுப்பு வராத வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்கவேண்டும். ரப்பர் உருளைகளுக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம். ரப்பர் காய்ந்து இறுகிவிடும். மிதமான சோப்பு நீர் போதும். சுருளை ஹெட்டின் மீது அழுத்திப் பிடிக்கும் சிறு திண்டு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

துடைத்த பிறகு காந்தநீக்கியைப் பயன்படுத்தலாம். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, சுருள்களை அறையின் மறுமூலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். காந்தநீக்கியை மெதுவாக அருகில் கொண்டுவந்து, அதே மெதுவுடன் கை நீளத்துக்கு விலக்கிய பிறகே அதை அணைக்கவேண்டும். பக்கத்தில் வைத்தபடியே அணைத்தால் ஹெட் முன்பைவிட அதிகம் காந்தமாகும்.

‘உம்ம்ம்’ என்ற இரைச்சல்

பேச்சுக்குப் பின்னால் தொடர்ந்து ஓர் இரைச்சல் கேட்கிறதா? ஒலி அளவைச் சுழியத்துக்குக் குறையுங்கள். அப்போதும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது மின்வழங்கிப் பகுதியில் உருவாகிறது. கூடவே குறைந்தால், ஹெட் அல்லது அதன் கம்பி வழியாக நுழைகிறது.

கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஸ்பீக்கர் அருகில் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அது நேர்மின்னாக மாற்றப்படும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்சில் இருக்கும். செயலியில் 100ல் உயரமான கோடு தெரிந்தால், அந்த அலையைச் சமப்படுத்தவேண்டிய மின்தேக்கி வயதாகி வறண்டுவிட்டது என்று கொள்ளலாம். 50ல் தெரிந்தால், மோட்டாரோ மின்மாற்றியோ உண்டாக்கும் காந்தப்புலத்தை ஹெட் உறிஞ்சுகிறது. அல்லது ஒரு தரைக்கம்பி விட்டுப்போயிருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்தது 100. மின்தேக்கியை மாற்றியவர் மாமாதான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அப்படித்தான் இருக்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உறையைத் திறந்து மின்சுற்றில் கைவைக்கும் கட்டம் வந்தால், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடராதீர்கள்.

“அண்ணன் குரலு இது இல்ல”

இரைச்சல் நின்றதும், சுத்தமான ஹெட்டுடன் குடும்பச் சுருளின் முதல் அரை நிமிடத்தை மட்டும் ஓட்டினோம். ஓர் ஆண் குரல் தெளிவாகக் கேட்டது. பாட்டி தலையை அசைத்தார். “ஏம்மா, எங்க அண்ணன் குரலு இது இல்ல. அவரு குரலு இப்படிக் கட்டையா இருக்காது.”

நாற்பது ஆண்டுக்கு மேலான நினைவு பிசகியிருக்கலாம் என்று தோன்றக்கூடும். ஆனால், ஒலி கட்டையாகக் கேட்பதும் ஓர் அடையாளம்தான். சுருள் மெதுவாக ஓடினால் எல்லாக் குரலும் தாழ்ந்து இழுபடும்.

முதலில் பார்க்கவேண்டியது வேக சுவிட்ச். 24 பிரேமில் பதிவானதை 18ல் ஓட்டினால் குரல் கால்பங்கு தாழ்ந்துவிடும். பாட்டியின் அண்ணன் சுருள் பெட்டியின் மீது ‘18’ என்று எழுதி வைத்திருந்தார். சுவிட்சும் 18ல்தான் நின்றது.

அடுத்து வேகத்தை அளந்தோம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சூப்பர் 8ல் ஓர் அடிக்கு 72 பிரேம்கள். கார்ட்டூன் சுருளில் 10 அடி அளந்து இரு முனையிலும் வெள்ளைப் பேனாவால் குறியிட்டோம். 720 பிரேம்கள், விநாடிக்கு 18 என்றால் சரியாக 40 விநாடி ஆகவேண்டும். கைப்பேசியில் நேரம் பார்த்தோம்: 46 விநாடி. மறுபடி ஓட்டினால் 45. மூன்றாம் முறை 47.

40ஐ 46ஆல் வகுத்தால் 0.87. இயந்திரம் 13 விழுக்காடு மெதுவாக ஓடுகிறது. இசை பயில்வோருக்குச் சொல்வதென்றால், குரல் இரண்டு சுரத்தானங்களுக்கும் சற்று அதிகமாகவே கீழிறங்கிவிட்டது. தெரிந்தவர் குரலே அந்நியமாகக் கேட்க அது போதும். பாட்டியின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது 46 என்ற எண் அன்று. அது 45க்கும் 47க்கும் இடையே தடுமாறியதுதான். இணையம்வழி அமெரிக்காவிலிருந்து புரொஜெக்டர் வாங்குவோர் இதைக் கவனிக்கவேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதற்கென அமைந்த மாறுமின் மோட்டாரை நம் 50 ஹெர்ட்சில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுத்தாலும் இது சரியாகாது. 40 விநாடி 48 ஆகும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே 48. அதற்கு மருந்து, மோட்டாரின் கப்பியை 50 ஹெர்ட்சுக்கு உரியதாக மாற்றுவது. பிழை நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டே இருந்தால் எங்கோ ஏதோ வழுக்குகிறது என்று பொருள்.

வழுக்கியது ரப்பர் பெல்ட். பழைய ரப்பர் தளர்ந்து பளபளத்துப் போயிருந்தது. சில இயந்திரங்களில் அது தார் போல உருகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டின் நீளத்தையும் தடிமனையும் அளந்து, இணையம்வழி புதியது வாங்கி, கப்பிகளை ஆல்கஹாலால் துடைத்து மாட்டினோம். ஃபிளைவீலின் அச்சில் காய்ந்திருந்த பழைய கிரீசையும் அகற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம். நேரம் 40 விநாடிக்கு வந்தது, மூன்று முறையும்.

இரண்டாம் முறை குடும்பச் சுருளை ஓட்டியபோது, கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: “என்னைப் பாக்காதீங்க, நடங்க, நடங்க!” பாட்டி சிரித்துவிட்டார். “இப்பத்தான் அண்ணன் பேசுறாரு,” என்றார்.

உதடும் குரலும் பொருந்தாவிட்டால்

இன்னொரு பொதுவான கோளாற்றையும் சொல்லவேண்டும். வாய் அசைந்து சற்று நேரம் கழித்துக் குரல் வந்தால் ஆம்ப்ளிஃபையரைக் குறைசொல்லாதீர்கள். படம் விழும் இடத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள வளைவு பெரிதாகிவிட்டது. 18 பிரேம் இருக்கவேண்டிய இடத்தில் 21 இருந்தால், 18 பிரேம் வேகத்தில் குரல் ஆறில் ஒரு விநாடி பிந்தும். வளைவு சிறுத்துவிட்டால் குரல் முந்தும். மிகவும் சிறுத்துவிட்டால் கொக்கியின் குதிப்பு ஹெட்வரை எட்டி, குரல் ‘தடதட’வென நடுங்கும். சுருளை நிறுத்தி, இயந்திரத்தில் குறித்துள்ளபடி மீண்டும் கோர்த்தாலே சரியாகிவிடும். ஒரு திருகைக்கூடக் கழற்றவேண்டாம்.

சுருளுக்கும் வயதாகிறது

இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்கலாம், சுருளுக்கு வாங்க முடியாது. பெரும்பாலான பழைய வீட்டுச் சுருள்கள் அசிட்டேட் என்ற பொருளால் ஆனவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வீசும். தொடங்கிவிட்டால் இந்தச் சிதைவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும். சுருள் சுருங்கி, நெளிந்து, துளைகள் கொக்கிக்குப் பொருந்தாமல் போகும். காந்தப் பட்டை உள்ள சுருள்களில் இது இன்னும் விரைவாக நடக்கக்கூடும், பட்டையில் உள்ள இரும்பு ஆக்சைடு அதைத் தூண்டுவதால். ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் ஊரில், சாமான் அறையின் மேல்தட்டு இதற்கு மிக மோசமான இடம்.

வாடை கடுமையாக வீசினாலோ சுருள் நெளிந்திருந்தாலோ புரொஜெக்டரில் ஏற்றவேண்டாம். ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்யும் சேவைகளிடம் கொடுங்கள். ஒலியையும் எடுத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முக்கியம். படத்தை மட்டும் மின்னிலக்கமாக்கித் தரும் இடங்களும் உண்டு. அப்படியானால் படமெடுத்தவரின் குரல் டப்பாவிலேயே தங்கிவிடும்.

சுருள் நல்ல நிலையில் இருந்தால், சரிசெய்த இயந்திரத்தில் முழுமையாக ஓட்டும் முதல்முறையே ஒலியைக் கணினியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் கைப்பேசியை நீட்டாமல், ஒலி வெளியீட்டுத் துளையிலிருந்து நேராகக் கம்பி இழுப்பது நல்லது. மோட்டாரின் கடகடப்பு பதிவில் சேராது. பிறகு சுருளை உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிடலாம்.

உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் இப்படி ஏதாவது டப்பா இருக்கிறதா என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். இருந்தால், சுருளின் முனையை வெளிச்சத்தில் பிடித்து, துளைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள். கோடு இருந்து வாடை இல்லையென்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். வேகம் சரியா என்று கடிகாரம் சொல்லும். குரல் சரியா என்று அவர்தான் சொல்லவேண்டும்.